ரோடு போட்டா ஊரே நகரும்: டிராஃபிக்குக்கும் லேண்ட் யூஸுக்கும் என்ன சம்பந்தம்?

டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா எல்லாரும் ரோட்டைத்தான் திட்டுவோம். அகலம் பத்தல, சிக்னல் சரியில்ல, இங்க ஒரு பாலம் கட்டியிருக்கணும், இப்படி. ஆனா அந்த நேரத்துல முன்னாடி பின்னாடி நிக்கிற வண்டிங்கள கொஞ்சம் பாருங்க, ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு கட்டடத்துல இருந்து கிளம்பி இன்னொரு கட்டடத்துக்குப் போயிட்டு இருக்காங்க. வீடு, ஆபீஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி, கடை. ரோட்டுல இருக்கணும்னே ரோட்டுக்கு வந்தவங்க ரொம்பக் கம்மி. அப்போ அந்த வீடும் ஆபீஸும் எவ்ளோ தூரத்துல இருக்கு, அங்க போக வேற வழி இருக்கா, இதுதான் அந்த நெரிசலுக்கு மூலம்.

இதை ஆராய்ச்சியா எழுதி வச்சவங்க அமெரிக்காவுல ராபர்ட் மிட்செல், செஸ்டர் ராப்கின்னு ரெண்டு பேர், 1954ல. நகரத்துல நடக்குற போக்குவரத்தே லேண்ட் யூஸோட, அதாவது நிலத்தை எதுக்குப் பயன்படுத்துறோம்ங்கிறதோட விளைவுதான்னு சொன்னாங்க. இன்னிக்கு கேட்டா இதுல என்ன இருக்குன்னு தோணும், ஆனா அதுக்கு முன்னாடி இன்ஜினியர்ங்க பொதுவா செஞ்சது என்னன்னா ரோட்டோரம் நின்னு வண்டி எண்ணுவாங்க, போன வருஷம் இவ்ளோ இந்த வருஷம் இவ்ளோ, அப்போ இருபது வருஷம் கழிச்சு இவ்ளோன்னு ஒரு கோட்டை நீட்டி ரோட்டோட அகலத்தை முடிவு பண்ணுவாங்க. வண்டி ஏன் வருதுன்னு அந்தக் கணக்குல கேள்வியே கிடையாது.

லேண்ட் யூஸ்னா ஒண்ணும் பெருசா இல்லைங்க. ஒரு துண்டு நிலத்துல என்ன இருக்கு, வீடா கம்பெனியா காலி இடமா. எவ்ளோ நெருக்கமா இருக்கு. பக்கத்துல பக்கத்துல என்னென்ன கலந்து இருக்கு. இந்த மூணும் தெரிஞ்சா அந்த இடத்துல இருந்து காலையில எத்தனை பேர் கிளம்புவாங்க, எத்தனை பேர் வந்து சேருவாங்கன்னு ஓரளவு சொல்லிடலாம். பத்து மாடி ஆபீஸ் காலையில ஆளை இழுக்கும், சாயங்காலம் வெளிய தள்ளும், குடியிருப்பு அதுக்கு நேர் எதிர். ஊரோட ஒரு பக்கம் முழுக்க வீடு, இன்னொரு பக்கம் முழுக்க ஆபீஸ்னு பிரிச்சு வச்சா காலையில ரோட்டோட ஒரு பாதி ரொம்பி வழியும், எதிர்ப்பக்கம் காத்தாடும், சாயங்காலம் அப்படியே தலைகீழ். பஸ்ஸும் அதே கதைதான், ஒரு பக்கம் தொங்கிட்டுப் போகும், திரும்பி வரும்போது காலியா வரும், ஆனா டிரைவர் சம்பளமும் டீசலும் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துதான்.

சரி, இப்போ ஒரு சின்ன கணக்கு போடுவோம், இது புரிஞ்சிட்டா பாதி சப்ஜெக்ட் புரிஞ்சிடும். நம்பரெல்லாம் கணக்குக்காக நானா வச்சது. ஒரு குடியிருப்பு, அங்கேருந்து தினமும் காலையில 1,000 பேர் வேலைக்குக் கிளம்புறாங்க. வேலை இருக்குற இடம் ரெண்டு. ஒண்ணு பக்கத்துல, 5 கிலோமீட்டர், 10 நிமிஷம், அங்க 4,000 வேலை இருக்கு. இன்னொண்ணு தூரம், 20 கிலோமீட்டர், 30 நிமிஷம், ஆனா 9,000 வேலை இருக்கு. யார் எங்க போவாங்க? இதுக்கு பிளானிங்ல கிராவிட்டி மாடல்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நியூட்டனோட ஈர்ப்பு விதி மாதிரியே, இடம் எவ்ளோ பெருசோ அவ்ளோ இழுக்கும், போற நேரம் கூடக்கூட இழுவை குறையும். எளிமையா நேரத்தோட வர்க்கத்தால வகுத்துக்குவோம். பக்கத்து இடத்துக்கு 4,000ஐ 100ஆல வகுத்தா 40. தூரத்து இடத்துக்கு 9,000ஐ 900ஆல வகுத்தா 10. 40க்கு 10, அதாவது 800 பேர் பக்கத்துல, 200 பேர் தூரத்துல. எல்லாரும் சேர்ந்து ஓட்டுற தூரம் 800 தடவை 5, அது 4,000, கூட 200 தடவை 20, அதுவும் 4,000, மொத்தம் 8,000 கிலோமீட்டர்.

இப்போ தூரத்து இடத்துக்கு சூப்பரா ஒரு எக்ஸ்பிரஸ் ரோடு போட்டாச்சு, 30 நிமிஷம் 15 நிமிஷம் ஆயிடுச்சு. 9,000ஐ 225ஆல வகுத்தா 40. ரெண்டு இடமும் சமமா இழுக்குது, 500 பேர் இங்க, 500 பேர் அங்க. தூரத்தைக் கூட்டிப் பாருங்க, 2,500 கூட 10,000, மொத்தம் 12,500 கிலோமீட்டர். ஒரு புது வீடு கட்டல, ஒரு ஆள் கூட ஊருக்குப் புதுசா வரல, ஆனா ஓட்டம் பாதிக்கு மேல ஏறிடுச்சு. நேரக் கணக்கும் போட்டுருவோம். முன்னாடி மொத்தம் 14,000 நிமிஷம், இப்போ 12,500. பழையபடி 200 பேர் மட்டும் அங்க போயிருந்தா 11,000தான் ஆகியிருக்கும். ரோடு மிச்சம் பண்ணிக் கொடுத்த 3,000 நிமிஷத்துல பாதியை ஜனங்க இன்னும் தூரமா போறதுக்கே செலவு பண்ணிட்டாங்க. அவங்க மேல தப்பே சொல்ல முடியாது, 9,000 வேலை கைக்கு எட்டுற தூரத்துல வந்தா யாரும் முயற்சி பண்ணத்தான் செய்வாங்க, ஒருவேளை சம்பளமும் கூட கிடைக்கலாம், அது நிஜமான லாபம்தான். ஆனா ரோடு போட்டா வண்டி குறையும்னு சொன்ன வாக்கு மட்டும் அங்க நிக்காது.

இது வரைக்கும் பார்த்தது லேண்ட் யூஸ் எப்படி போக்குவரத்தை உண்டாக்குதுன்னு. எதிர்த்திசையும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

ஊர் எல்லையில ஒரு மானாவாரிக் காட்டைப் பாருங்க, நாலஞ்சு ஏக்கர், மழை பேஞ்சா விதைப்பு, இல்லாட்டி ஆடு மேயும். அந்தப் பக்கமா பைபாஸ் வருதுன்னு பேச்சு கிளம்புது. கல்லு நடுறதுக்கு முன்னாடியே விலை ஏறிடும். ரோடு போட்டு முடிச்ச மொத வருஷம் ஒரு பெட்ரோல் பங்க், லாரி நிக்கிற இடம், ஒரு குடோன். அப்புறம் யாரோ காட்டை வாங்கி பிளாட் போட்டு கலர் கலரா கொடி நடுவாங்க, நகரத்துக்கு 15 நிமிஷம்னு போர்டு வைப்பாங்க, அந்த நேரத்துல அது பொய்யும் இல்ல. நாலு வீடு வந்ததும் ஒரு ஸ்கூல், ஸ்கூல் வந்ததும் நாப்பது வீடு, அப்புறம் அபார்ட்மெண்ட். ஊருக்குள்ள வராம வண்டி வெளியவே சுத்திப் போகணும்னு போட்ட பைபாஸ்ல இப்போ ஸ்கூல் வேன் குறுக்க திரும்புது, ரெண்டு பக்கமும் கடை, நடுவுல சிக்னல். அந்த 15 நிமிஷம் 40 நிமிஷம் ஆகுது. உடனே என்ன கேட்போம்? அதுக்கும் வெளிய இன்னொரு பைபாஸ்.

இதை நம்பரா நிரூபிச்சுக் காட்டினவர் வால்டர் ஹான்சன், 1959ல, வாஷிங்டன் நகரப் பகுதியோட விவரங்களை வச்சு. அவர் பிரபலமாக்கின சொல்லு அக்சஸிபிலிட்டி. தமிழ்ல நான் அதை எட்டும் வசதின்னு சொல்லுவேன், ஒரு இடத்துல நின்னா எத்தனை வேலை, எத்தனை கடை, எத்தனை ஸ்கூல் நியாயமான நேரத்துல எட்டுதுங்கிறதுதான் அது. எந்த இடத்துல காலி நிலமும் இருந்து எட்டும் வசதியும் கூடுதலா இருக்கோ அங்க வீடு வேகமா வரும்னு காட்டினார். வேகத்தை இதோட குழப்பிக்கக் கூடாது. எண்பதுல வண்டி பறக்குற இடத்துல பத்து நிமிஷத்துக்கு ஒரு கடை கூட எட்டாம இருக்கலாம், இருபதுல ஊர்ற இடத்துல எல்லாமே நடந்து போற தூரத்துல இருக்கலாம். ரெண்டாவது இடத்துல வேகம் கம்மி, எட்டும் வசதி அதிகம். என்னைக் கேட்டா போக்குவரத்து திட்டம்னாலே அளக்க வேண்டியது எட்டும் வசதியைத்தான், ஆனா நிறைய இடத்துல இன்னும் சராசரி வேகத்தைத்தான் அளக்குறாங்க.

ஆக லேண்ட் யூஸ் பயணத்தை உண்டாக்குது, பயணம் ரோட்டையும் ரயிலையும் கேக்குது, ரோடு எட்டும் வசதியை மாத்துது, அது திரும்ப லேண்ட் யூஸை மாத்துது. ஒரு வட்டம். மிக்கேல் வெகனர்ங்கிற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் இந்த வட்டத்துல ஒரு முக்கியமான விஷயத்தை எடுத்துச் சொன்னார், எல்லா பாகமும் ஒரே வேகத்துல சுத்தாது. புது ரோடு திறந்தா அடுத்த நாளே ஆளுங்க வழியை மாத்திடுவாங்க. வேலை மாத்த, வீடு மாத்த சில வருஷம் ஆகும். கட்டடம் வந்து நிக்க பல வருஷம், வந்துட்டா ஐம்பது நூறு வருஷம் அசையாது, தெருக்களோட அமைப்பு அதை விட கெட்டி. அதனாலதான் ரோடு திறந்த ஆறாவது மாசம் சர்வே எடுத்தா எல்லாமே வெற்றியா தெரியும், வட்டத்தோட மெதுவான பாதி இன்னும் சுத்தவே ஆரம்பிச்சிருக்காது.

இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் திட்டங்கள்ல வரலன்னு கேக்கலாம். அதுக்கு 1950கள்ல வந்த ஒரு முறையைப் பத்தி தெரிஞ்சுக்கணும், டெட்ராய்ட்லயும் அப்புறம் 1955ல ஆரம்பிச்ச சிகாகோ ஆய்விலயும் டக்ளஸ் கேரோல்ங்கிறவர் தலைமையில வளர்ந்தது, இன்னிக்கும் உலகம் பூரா கொஞ்சம் மாத்தி மாத்தி பயன்படுத்துறாங்க. நாலு படி மாடல்னு பேரு. ஊரை சின்னச் சின்ன ஜோனா பிரிச்சுக்குவாங்க, ஒவ்வொரு ஜோன்ல இருந்தும் எத்தனை டிரிப் கிளம்புதுன்னு முதல்ல, எங்க போகுதுன்னு அடுத்தது, நம்ம மேல போட்ட கிராவிட்டி கணக்கு இந்தப் படியிலதான் வரும், பஸ்ஸா காரா நடையான்னு மூணாவது, எந்த ரோடு வழியான்னு நாலாவது. நல்ல முறைதான், நான் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்து கம்ப்யூட்டரை வச்சு அவங்க செஞ்சது பெரிய வேலை. ஆனா இருபது வருஷம் கழிச்சு எந்த ஜோன்ல எத்தனை பேர் இருப்பாங்கங்கிறது அதுல முன்னாடியே முடிவு பண்ணிக் கொடுக்குற தகவல். ரோடு போட்டாலும் அதே ஜனத்தொகை, போடாட்டியும் அதே ஜனத்தொகை. அதாவது வட்டத்தை ஒரு இடத்துல வெட்டி நேர்கோடா ஆக்கிட்டாங்க. அதை திரும்ப ஒட்டவைக்கிற முயற்சியும் நடந்துச்சு, 1964ல ஐரா லௌரி பிட்ஸ்பர்க் நகரத்துக்கு ஒரு மாடல் போட்டார், தொழிற்சாலை வேலை எங்கயோ அதைச் சுத்தி வீடு, வீட்டைச் சுத்தி கடை, கடையில வேலை பாக்குறவங்களுக்கு திரும்ப வீடுன்னு சுத்திச் சுத்தி கணக்கு போகும். அதுக்கப்புறம் வந்த லேண்ட் யூஸ் டிரான்ஸ்போர்ட் மாடல் நிறையவே அதோட வாரிசுங்கதான், ஆனா விவரம் நிறைய வேணும், காசும் வேணும், அதனால பல ஊர்ல பழைய நேர்கோடே ஓடிட்டு இருக்கு.

நேர்கோட்டுக் கணக்கோட விலை என்னன்னு அந்தோணி டவுன்ஸ்ங்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1962லயே எழுதிட்டார், பீக் நேரத்து எக்ஸ்பிரஸ்வேல நெரிசல் ரோட்டோட கொள்ளளவு அளவுக்கு ஏறியே தீரும்னு. அகலமாக்கினதால கொஞ்சம் காலியான ரோட்டுக்கு வேற ரோட்டுல போனவங்க வருவாங்க, வேற நேரத்துல போனவங்க வருவாங்க, பஸ்ல போனவங்க வருவாங்க. இதோட வீடு மாத்திப் போறவங்களையும் சேர்த்துக்கங்க. 2011ல ஜில் டுராண்டனும் மேத்யூ டர்னரும் அமெரிக்க நகரங்களை எடுத்துப் பார்த்தாங்க, இன்டர்ஸ்டேட்னு சொல்ற பெரிய நெடுஞ்சாலை எத்தனை சதவீதம் கூடினதோ ஓட்டமும் கிட்டத்தட்ட அதே சதவீதம் கூடியிருந்துச்சு. அதே ஆய்வுல இன்னொரு முடிவும் இருக்கு, பொதுப் போக்குவரத்தைக் கூட்டினதாலயும் ரோட்டுல ஓட்டம் குறையல. மெட்ரோ விட்டா ரோடு காலியாயிடும்னு சொல்றவங்களுக்கு இது கசக்கும், மெட்ரோவை ரொம்ப நேசிக்கிற எனக்கும் கசந்துச்சு. ஆனா காரணம் ஒண்ணேதான், மெட்ரோவுக்குப் போனவங்க விட்டுட்டுப் போன இடத்துக்கு வேற யாராவது வந்துடுவாங்க. மெட்ரோவோட பலன் வேற, ரோடு நெரிசலா இருந்தாலும் லட்சம் பேருக்கு எட்டும் வசதி கிடைக்குது, அந்த லட்சம் பேர் அதைச் சுத்தி வீடும் வேலையும் வச்சுக்க முடியுது.

அப்போ எல்லாரையும் நெருக்கமா குடிவச்சா சரியாயிடுமா? இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு. 1989ல பீட்டர் நியூமன், ஜெஃப்ரி கென்வொர்த்தி ரெண்டு பேரும் உலகத்துல 32 நகரங்களை எடுத்து, அடர்த்தி கூடின நகரத்துல தலைக்கு பெட்ரோல் செலவு குறைவுன்னு காட்டினாங்க, ஒரு வளைகோடு, ஒரு முனையில அமெரிக்க நகரங்க, இன்னொரு முனையில ஹாங்காங். பார்த்தாலே நம்பத் தோணும். ஆனா வருமானம், பெட்ரோல் விலை இதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறன்னு உடனே எதிர்ப்பு வந்துச்சு, அதுல நியாயம் இருக்கு. அதுக்கப்புறம் வந்த ஆய்வெல்லாம் சேர்த்து வச்சு ரீட் யூயிங்கும் ராபர்ட் செர்வெரோவும் 2010ல ஒரு தொகுப்பு போட்டாங்க, எனக்கு அது கண்ணைத் திறந்த மாதிரி இருந்துச்சு. அடர்த்தி மட்டும் 10 சதவீதம் கூடினா கார் ஓட்டம் சராசரியா 0.4 சதவீதம்தான் குறையுது. வேலை இடங்க எட்டுற வசதி 10 சதவீதம் கூடினா 2 சதவீதம் குறையுது. அதாவது ஊருக்கு வெளிய எங்கயோ கொண்டு போய் இருபது மாடி அடுக்குமாடி வரிசையா கட்டி வச்சா அடர்த்தி இருக்கும், ஆனா பால் வாங்கக் கூட வண்டி எடுக்கணும். ஊருக்கு நடுவுல மூணு மாடி வீடு, கீழ கடை, சந்து சந்தா தெரு இருந்தா அது போதும். எவ்ளோ நெருக்கம்ங்கிறதை விட எங்க, எது பக்கத்துலங்கிறதுதான் பெரிய கேள்வி.

இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, ஆராய்ச்சி பண்றவங்களை இன்னும் தூங்க விடாத சிக்கல். நடக்க வசதியான ஏரியாவுல இருக்குறவங்க நிறைய நடக்குறாங்க, சரி, ஏரியா நடக்க வைக்குதா, இல்ல நடக்கப் பிடிச்சவங்க தேடி வந்து அங்க குடியேறுறாங்களா? கார் பிரியர் ஒருத்தரைக் கொண்டு போய் அங்க விட்டா அவரும் நடப்பாரா? இதைப் பிரிக்கிறதுக்கு வீடு மாத்தினவங்களை முன்னாடியும் பின்னாடியும் கேட்டுப் பார்ப்பாங்க, மனசு எப்படின்னு தனியா கேள்வி வைப்பாங்க. பொதுவா வர்ற பதில், ரெண்டுமே உண்டு, விருப்பத்தைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும் இடத்தோட பங்கு மிஞ்சுது.

இந்த வட்டத்தை ஆராய்ச்சிக்கு முன்னாடியே கையில புரிஞ்சுக்கிட்டவர் ஒருத்தர் இருக்கார், ஜப்பான்ல ரயில் கம்பெனி நடத்தின இச்சிஸோ கோபயாஷி. 1910ல ஒசாகா பக்கம் ஒரு ரயில் பாதை திறந்தாங்க, வழியில பெருசா ஊரே இல்ல, யார் ஏறுவா? அவர் பாதையோரம் நிலத்தை வாங்கி வீடு கட்டி தவணை முறையில வித்தார், பாதையோட வெளிக் கடைசியில பொழுதுபோக்கு இடம், நகரத்துப் பக்கக் கடைசியில 1929ல பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர். காலையில வேலைக்கு ஒரு பக்கம் ஆள், லீவு நாள்ல எதிர்ப்பக்கம் ஆள். காலியா திரும்புற பஸ் பத்தி மேல சொன்னேன்ல, அதுக்கு அவர் கண்ட மருந்து இது. ரயிலால நிலத்துக்கு ஏறுற விலையை ரயில் கம்பெனியே எடுத்துக்குச்சு. ஹாங்காங் மெட்ரோ ஸ்டேஷன் மேல கட்டடம் கட்டி செலவை எடுக்குறதும் இதே தத்துவம்தான். ஆனா மேல சொன்ன பைபாஸ் பக்கத்துக் காட்டுல அந்த விலை ஏத்தம் முழுக்க முன்கூட்டி நிலம் வாங்கினவர் பாக்கெட்டுக்குப் போச்சு, ரோடு போட்ட காசு எல்லாரோடது.

பிரேசில்ல கூரிச்சிபா நகரம் 1966ல போட்ட மாஸ்டர் பிளான்ல ஊர் குறிப்பிட்ட சில கோடுங்க வழியாதான் வளரணும்னு வரைஞ்சாங்க. 1974ல அந்தக் கோட்டுல பஸ்ஸுக்குன்னு தனிப் பாதை. நடுவுல பஸ், ரெண்டு பக்கமும் மெதுவா போற உள்ளூர் ரோடு, ஒரு பிளாக் தள்ளி வேகமா போற ஒருவழி ரோடு. அந்தக் கோட்டை ஒட்டி மட்டும்தான் உயரமா கட்ட அனுமதி, தள்ளிப் போகப் போக உயரம் குறையும். வானத்துல இருந்து எடுத்த படத்துல பஸ் ரூட்டை கட்டடமே வரைஞ்சு காட்டும். கோபன்ஹேகன்ல 1947லயே கை விரல் மாதிரி பிளான், விரல் மேல ரயிலும் ஊரும், விரல் இடுக்குல பச்சை நிலம். ரெண்டு இடத்துலயும் ரூட்டும் கட்டட அனுமதியும் ஒரே தாள்ல இருந்துச்சு, அதுதான் பெரிய விஷயம், ஏன்னா பெரும்பாலான ஊர்ல ரோடு ஒரு துறை, பஸ் ஒரு துறை, கட்டட அனுமதி வேற துறை.

பார்க்கிங்கைப் பத்தியும் சொல்லணும், அது லேண்ட் யூஸ்தான்னு பலர் நினைக்கிறதே இல்ல. ஒரு கார் வந்து திரும்பி நிக்க வழியோட சேர்த்து சுமார் 25, 30 சதுர மீட்டர் வேணும், ஆபீஸ்ல அதை ஓட்டிட்டு வந்தவர் உக்காந்து வேலை பாக்குற இடம் அதை விட சின்னது. இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் இடம் கட்டாயம்னு கட்டட விதி போட்டா கட்டடம் ஒண்ணுக்கொண்ணு விலகும், விலகினா நடக்க முடியாது, நடக்க முடியாட்டி கார், கார் வந்தா இன்னும் பார்க்கிங். டொனால்ட் ஷூப்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர் பல வருஷம் இதையே சொல்லிட்டு இருந்தார். மெக்சிகோ சிட்டி 2017ல விதியைத் திருப்பிப் போட்டுச்சு, குறைஞ்சது இத்தனைங்கிறதை எடுத்துட்டு அதிகபட்சம் இத்தனைதான்னு மாத்திட்டாங்க.

இனிமே எந்த ஊர்லயாவது புது ரோடு, பாலம், மெட்ரோ எதுக்காவது ஆய்வறிக்கை உங்க கையில கிடைச்சா முதல்ல செலவுப் பக்கத்துக்குப் போகாதீங்க. ஜோன் வாரியா வருங்கால ஜனத்தொகையும் வேலையும் போட்டிருக்குற டேபிளைத் தேடுங்க. திட்டம் வந்தா ஒரு வரிசை, வராட்டி ஒரு வரிசைன்னு ரெண்டு தனித்தனியா இருக்கான்னு பாருங்க. ஒரே வரிசைதான் இருந்தா, இல்ல ரெண்டு வரிசையிலயும் ஒரே நம்பர் இருந்தா, அந்த ரோட்டால ஒரு வீடு கூட இடம் மாறாதுன்னு நம்பி எழுதின அறிக்கை அதுன்னு அர்த்தம். கருத்துக் கேட்பு கூட்டத்துல எழுந்து கேக்க வேண்டிய கேள்வி அந்த டேபிள்லயே இருக்கு.